இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே

வாள்வீச்சு விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஆடுகிற தடத்தின் பக்கக் கோட்டை ஒரு காலால் தாண்டியவன் அடித்த அடி செல்லும். இரண்டு காலாலும் தாண்டியவன் அடித்த அடி செல்லாது. இதில் வியாக்கியானத்துக்கு இடமில்லை. இந்த விதி உரிய நாளில் கைகொடுத்திருந்தால், சோழப் படைத் தளபதி ஒருவர் ஜோகூர் ஆற்றுச் சேற்றில் ஏழு வாரம் மல்லாந்து கிடந்திருக்க வேண்டியதில்லை.

அவரை அங்கே கிடத்தியவர் எங்கள் ஸ்கூடாய் தாமான் குடியிருப்பில் வசித்த ஒரு சரித்திர நாவலாசிரியர். தமிழில் சரித்திரக் கதை எழுதியவர்களிலேயே, வாள் என்பது என்ன என்று உண்மையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கதை என்பது என்ன என்று தெரியாதவரும் அவர் ஒருவர்தான். பெரியவர்கள் அவரை வாள்காரர் என்றார்கள். பிள்ளைகளுக்குக் கத்தி அங்கிள். இந்தப் பெயரைக் கேட்டு, எதிர்வரிசையில் வாடகைக்கு வீடு பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் முன்பணம் கொடுக்காமலே திரும்பிப் போயின.

வாள்காரர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவராக இருந்தவர். ஜோகூர் எல்லைப் பாலம் கடந்து வீடு திரும்பும் நெரிசல் அடங்கும்வரை பொழுதுபோக்க வேண்டும். மற்றவர்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள். இவர் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு வாள்வீச்சுக் கிளப்புக்குள் நுழைந்தார். நெரிசல் இருபது வருடமும் அடங்கவில்லை. ஆகவே இவர் வீரராகி, பயிற்சியாளராகி, கடைசியில் நடுவர் சான்றிதழும் வாங்கிவிட்டார். அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு, வீட்டில் சாமி படங்களுக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருந்தார்.

நடுவர் உத்தியோகம் அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் தெருவில் கார் நிறுத்தும் இடத்துக்காகக் கணவன் மனைவி இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வாள்காரர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. தாக்குதல் அம்மாவோடது. ஐயா தடுக்கவே இல்ல, நேரா பதில் வீசிட்டாரு. அது செல்லாது. புள்ளி அம்மாவுக்கு."

"உங்களுக்கு என்ன சார் இதுல?" என்றார் கணவர்.

"நடுவரை எதிர்த்துப் பேசினா மஞ்சள் அட்டை."

அந்தப் பெண் அன்றிலிருந்து வாள்காரருக்கு வாரம் ஒருமுறை புட்டு கொடுத்தனுப்பினார். கணவர் காரை வேறு தெருவில் நிறுத்தத் தொடங்கினார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டதற்கு நானேதான் காரணம். நான் நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கிராணி. ஜோகூர் ஆற்று முகத்துவாரத்தின் பழைய கரைகளைப் பற்றிக் கேட்க ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையிலிருந்த குடையை மூக்குக்கு நேரே நிறுத்தி, கீழே இறக்கி, எனக்கு வணக்கம் வைத்தார். தொல்லையைத் தட்டிக்கழிப்பதற்கு என்று நான் கைவசம் வைத்திருந்த முறையையே கையாண்டேன். மூன்று படிகளில் எழுத்து மூலம் கேளுங்கள், காரணத்தைக் குறிப்பிடுங்கள் என்றேன். இப்படிச் சொன்னால் நூற்றுக்கு நூறு பேர் திரும்பி வரமாட்டார்கள். இவர் மறுநாள் காலையில் மூன்று படிகளோடு வந்தார். ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, கையெழுத்து கோட்டுக்கு மேலேயே இருந்தது. என் உத்தியோக காலத்தில் அப்படி ஒரு மனுவை நான் பார்த்ததில்லை. அதற்காக அவரைப் பாராட்டவும் இல்லை.

அவருடைய நாவலின் பெயர் 'முகத்துவாரத்து வீரன்'. கோலாலம்பூரிலிருந்து வரும் ஒரு வார இதழ், யார் செய்த புண்ணியமோ, அதைத் தொடராக வெளியிட ஒப்புக்கொண்டது. இருபத்தாறு வாரம், அதற்குமேல் ஒரு வாரமும் இல்லை என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். கதை இதுதான்: சோழக் கப்பல் ஒன்று திசை தவறி ஜோகூர் ஆற்றுக்குள் வந்துவிடுகிறது. தளபதியைக் கடாரத்துத் தளபதி ஒருவன் எதிர்கொள்கிறான். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். ஒன்பதாம் வாரம் தொடங்கிய சண்டை பதினெட்டாம் வாரமும் நடந்துகொண்டிருந்தது.

கப்பல்கள் சும்மா நின்றன. படைகள் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. தளபதிகள் ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் ஒருவருக்கொருவர் வாளை உயர்த்தி வணக்கம் சொன்னார்கள். ஆற்றங்கரையில் ஒரு பௌத்தத் துறவி நின்று புள்ளி சொன்னார். நாயகி ஐந்தாம் வாரத்தில் சாளரத்தருகே வந்து நின்றவள், அதன்பிறகு உட்காரவே இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு நாற்காலியாவது போடச் சொல்லுங்களேன்" என்றாள் என் மனைவி. அந்தத் தொடரை விடாமல் படித்தவர்கள் மலேசியாவில் மூன்று பேர் என்பது என் மதிப்பீடு. அவள் ஒருத்தி.

சண்டை ஏன் முடியவில்லை என்றால், நடந்து பார்க்காத எதையும் வாள்காரர் எழுதமாட்டார். நடப்பது தாமான் பூப்பந்துத் திடலில், காலை ஏழு மணிக்கு. நடத்துகிறவர்கள் இரண்டு பேர். சோழத் தளபதி அவர். கடாரத்துத் தளபதி, வெட்கத்தோடு சொல்கிறேன், நான்.

மனுவை ஒழுங்காக எழுதிய மனிதர் கேட்கிறாரே என்று ஒரு நாளைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். அவரிடம் உண்மையான பயிற்சி வாள், வலை போட்ட முகமூடி, வெள்ளை அங்கி எல்லாம் ஒவ்வொன்றுதான் இருந்தன. ஆகவே எனக்கு மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும் நீளக் கறுப்புக் குடையும். தடத்தைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தார். விதிப்படி தடம் பதினான்கு மீட்டர் நீளம். பூப்பந்துத் திடல் அவ்வளவு இல்லை. ஆகவே எங்கள் தடம் திடலின் ஓரமாகவே போய், கடைசியில் புல்லுக்குள் நீண்டது. அதன் பக்கக் கோட்டுக்கு ஓரடி தள்ளி மழைநீர் ஓடும் லோங்காங். மறுபக்கத்தில் உடற்பயிற்சிக்கு வந்த மலாய்ப் பெண்கள் முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் சிரித்தார்கள், மூன்றாம் வாரம் எங்களைக் கவனிப்பதையே விட்டுவிட்டார்கள். மூன்றாவதுதான் வலித்தது.

இவர் பாய்வார். நான் குடையை எப்படியாவது ஆட்டுவேன். உடனே நின்று, முகமூடியைத் தூக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுப்பார்.

"தடுத்துட்டீங்க கிராணி சார். அழகான தடுப்பு."

"நான் கொசு அடிச்சேன் அண்ணே."

"அது உங்களுக்குத் தெரியாமலே வர்ற கலை லா."

அந்த வாரம் அச்சில், கடாரத்துத் தளபதி புலிபோல் சீறி வீச்சைத் தடுத்தான் என்று வரும். எனக்கு அறுபத்தைந்து வயது. இடது முழங்காலில் தேய்மானம். சரித்திரத்தில் என் அளவுக்கு மெதுவாகச் சீறிய புலி கிடையாது.

பதினெட்டாம் வாரம் இதழின் ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். நடுவர் களத்தில் கைப்பேசி வைத்திருக்கக்கூடாது என்பதால் வாள்காரர் என் எண்ணைக் கொடுத்திருந்தார். ஆசிரியர் பொறுமைசாலியான அம்மாள். அன்று பொறுமை சற்றுக் குறைவாக இருந்தது.

"ஐயா, நீங்கதானே அவரோட உதவியாளர்?"

"இல்லைங்க. நான் வில்லன்."

"சரி, வில்லனாவே இருங்க. அந்தச் சண்டையை முடிக்கச் சொல்றீங்களா? கடிதம் கடிதமா வருது. ஒருத்தர் கேட்கிறாரு, ரெண்டு பேரும் சாப்பிடவே மாட்டாங்களான்னு. இருபத்தாறோட நிறுத்திடுவேன். கதை எந்த இடத்துல நிக்குதோ அந்த இடத்துலயே 'முற்றும்' போட்டுருவேன். பிறகு புத்தகமா போடறதைப் பத்தியும் என்கிட்டப் பேசக்கூடாது."

இதை நான் மறுநாள் காலையில் திடலில் சொன்னேன். வாள்காரர் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நாவலை எழுதத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது என்றும், அவர் பேரில் உலகத்தில் இருக்கப்போவது அது ஒன்றுதான் என்றும், பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டதைச் சொல்வதுபோல் சொன்னார்.

"அப்போ கடாரத்தானைக் கொன்னுட்டு முடிங்களேன். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எப்படிக் கொல்றது? நீங்கதான் எல்லாத்தையும் தடுக்கிறீங்களே."

"தடுத்ததா எழுதாதீங்க."

"நடக்காததை எழுதினா அது சரித்திரமா?"

வராத கப்பலையும் பிறக்காத தளபதியையும் வைத்து எழுதுகிறவர் இதைச் சொன்னார். நான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டேன். இவர் வீச்சில் இன்றைக்கு எதையும் தடுக்கக்கூடாது, ஒரே குத்தில் செத்து வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று முடிவு செய்தேன். அவர் பாய்ந்தார். வழிவிட்டு நிற்கலாம் என்று பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைத்தேன். இரவு மழை பெய்திருந்தது. இடது கால் புல்லில் வழுக்கி லோங்காங்குக்குள் போனது. விழாமலிருக்கக் கையை நீட்டினேன். கையில் குடை இருந்தது. வாள்காரர் வந்த வேகத்தில் தம் நெஞ்சின் நடுப்பகுதியைக் குடை நுனியில் கொண்டுவந்து சாத்தினார்.

அங்கி தடிமனானது, உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் அப்படியே நின்றார். பிறகு வாளை உயர்த்தி எனக்கு வணக்கம் வைத்தார்.

"ஸ்டாப் ஹிட். ஓடி வர்றவனை நீட்டின வாளாலேயே நிறுத்துறது. இருபது வருஷத்துல இப்படி ஒன்னை நான் பார்த்ததில்ல." மூச்சு வாங்கியது. "உங்க கால் எங்க இருந்துச்சு, கிராணி சார்?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து நான் எந்த விளையாட்டிலும் ஒன்றையும் ஜெயித்தவனில்லை. உற்சாகம் வந்துவிட்டது.

"ஒன்னு லோங்காங்குல. ஒன்னு கோட்டுக்கு உள்ள. செல்லும்ல?"

"செல்லும்" என்றார் வாள்காரர். குறிப்புப் புத்தகத்தை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நடந்ததைத்தான் அவர் எழுதுவார். நடந்தது என்னவென்றால், கதாநாயகன் செத்துவிட்டான்.

"அலமாக்" என்றாள் என் மனைவி. "அந்தப் பொண்ணு இதுக்கா பதிமூணு வாரமா நின்னா?"

அடுத்த வாரத்து அத்தியாயத்தில் சோழத் தளபதி மார்பில் அடிபட்டுச் சேற்றில் விழுந்தார். சாகவில்லை. அதற்கடுத்த வாரமும் கிடந்தார். நீர் ஏறியது, வடிந்தது. நண்டுகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. துறவி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கடாரத்துத் தளபதி குடையை, மன்னிக்கவும், வாளைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சாகடிக்கிற வரியை ஆறு தடவை எழுதினேன்" என்றார் வாள்காரர். "ஆறு தடவையும் அடிச்சிட்டேன்." ஒரு மனுவில்கூட அடித்தல் திருத்தல் இல்லாத மனிதர்.

நான் சட்டம் பேசினேன். "உங்க வழக்குல நீங்களே தீர்ப்புச் சொல்லக்கூடாது அண்ணே. நீங்க ஆட்டக்காரர், நீங்களே நடுவர். இது அடிப்படையிலேயே தப்பு."

"எனக்கு எதிராத்தானே தீர்ப்புச் சொன்னேன்? பிறகு என்ன?"

பதில் சொல்ல முடியாத வாதத்தை நான் என்றும் மதித்ததில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இருபத்தோராம் வாரம் வந்தது. ஒருநாள் மாலை இரண்டு பேரும் மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பண்டார் தெங்காராவிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி வந்த இரண்டு லோரிக்காரர்கள் பக்கத்து மேசையில் எழுந்து நின்று ஒருவரையொருவர் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனார்கள். யார் யாரை முந்தினார்கள், யார் விளக்குப் போட்டார்கள், யார் முதலில் கையை நீட்டினார்கள் என்று, ஒரு நடுவர் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் வகைச் சண்டை. கடைக்காரர் எங்கள் மேசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாள்காரர் தேநீரின் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே. யார் புள்ளி?"

"தெரியல கிராணி சார்" என்றார். "நான் பார்க்கல."

அவர் பார்த்தார். கரண்டியை எடுக்கும்வரை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னேன். "அந்தக் கால் விஷயம். அன்னைக்கு ஜெயிச்ச சந்தோஷத்துல தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டு காலும் வெளியதான் இருந்துச்சு."

அவர் நின்றுவிட்டார். குடைக்கம்பியைத் திருகிக்கொண்டே யோசித்தார். பிறகு, நான் எதிர்பார்த்த மாதிரியே, முறை பேசினார்.

"நான் சொன்ன தீர்ப்பை நானே மாத்த முடியாது. என்ன நடந்துச்சுங்கிறதுல நடுவர் சொன்னதுதான் முடிவு. மேல அனுப்பணும். எங்க கிளப்புல நடுவர் குழு இருக்கு. தோத்தவன் அனுப்பினா அழகில்ல."

"ஜெயிச்சவன் அனுப்பினா?"

"அப்படி யாரும் அனுப்பினதில்ல."

"எழுத்துல கொடுத்தாப் போதுமா?"

"வரைபடமும் இருந்தா நல்லது."

வரைபடம் வரைவது என் தொழில். மறுநாள் காலை அளவுநாடாவுடன் திடலுக்குப் போனேன். தடம், கோடு, புல், லோங்காங் எல்லாவற்றையும் இருபதில் ஒன்று என்ற அளவில் வரைந்தேன். வடக்குத் திசையைக் குறித்தேன். என் இரண்டு பாதங்களையும் தனித்தனியே வரைந்தேன். இடது பாதம் லோங்காங்கில், உள்ளபடி. வலது பாதம் கோட்டுக்கு வெளியே நான்கு அங்குலத்தில், உள்ளதற்கு மாறாக. கீழே, மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று உறுதியளிக்கிறேன் என எழுதினேன். ஆயிரக்கணக்கான பேரை அந்த வாசகத்தின் கீழ் கையெழுத்திட வைத்திருக்கிறேன். பொய்யாக இட்டவர்கள் எனக்கு உடனே தெரிவார்கள். பேனாவை எடுத்தபிறகு ஒரு நொடி தாமதிப்பார்கள். நானும் தாமதித்தேன். இட்டேன். மூன்று படிகள். பதிவுத் தபால்.

சிங்கப்பூர் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் அதன் வெளிச்சம் தெரியும். அந்தத் தூரத்தைக் கடக்க, நாகப்பட்டினத்திலிருந்து பாய்மரக் கப்பல் எடுத்துக்கொள்ளும் காலத்தை என் கடிதம் எடுத்துக்கொண்டது. போனில் கேட்டுவிடலாமே என்று என் மனைவி சொன்னாள். நானும் வாள்காரரும் அவளை ஒரேமாதிரி பார்த்தோம். நாங்கள் இருவரும் ஒத்துப்போன அபூர்வமான தருணம் அது. மேல்முறையீட்டைப் போனில் யாரும் விசாரிப்பதில்லை.

இருபத்துநான்காம் வாரம் ஆசிரியர் மறுபடியும் அழைத்தார்.

"வில்லன் ஐயா, தளபதி இன்னும் சேத்துலயா இருக்காரு?"

"முறையீடு நிலுவையில இருக்குங்க."

"யார்கிட்ட? எமன்கிட்டயா?"

"கிளப்புல."

அவர் நீண்ட மூச்சு விட்டார். "எனக்குப் புரியவும் வேணாம். கடைசி அத்தியாயம் புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள வரணும். வரலேன்னா அந்த ஆளு சேத்துலயே முற்றும். அவருகிட்டச் சொல்லிடுங்க."

சொன்னேன். வாள்காரர் தலையசைத்தார். தீர்ப்பு வராமல் எழுதமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள் என்று ஆசிரியர் கேட்டிருந்தால் நான் எழுதியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு என் தரம் இறங்கியிருந்தது. தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்காக வாசல் கேட்டருகே நின்றேன். மின்சாரக் கட்டண அறிவிப்பு வந்தது. பல் மருத்துவமனையின் விளம்பரம் வந்தது.

செவ்வாய்க்கிழமை அது வந்தது. ஒற்றைத் தாள். அளித்த விவரத்தையும் வரைபடத்தையும் பரிசீலித்ததில் அடி செல்லாது என்று குழு முடிவு செய்கிறது, இருவரும் மீண்டும் தயார்நிலையில் நிற்கவும், அவ்வளவுதான். வரைபடத்தின் தெளிவுக்குத் தனியாக ஒரு பாராட்டும் இருந்தது. அதை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. லுங்கியோடே அவர் வீட்டுக்கு ஓடினேன். முழங்கால் தேய்மானத்தைப் பற்றி அப்போது எந்த நினைவும் இல்லை.

வாள்காரர் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் சுவரில் தொங்கிய முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெயில் நேரத்தில், வீட்டுக்குள், எதற்கு என்று நான் கேட்கவில்லை. வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு காலுமா, கிராணி சார்?"

"ரெண்டும்."

"கோட்டுக்கு வெளியப் புல்லெல்லாம் ஈரம். அன்னைக்கு உங்க சப்பாத்துல ஒன்னுதான் நனைஞ்சிருந்துச்சு."

அவர் தாளை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஆனா இது மேலிடத்துத் தீர்ப்பு" என்றார். "இதுக்கு மேல அப்பீல் கிடையாது." பிறகு மேசைக்குப் போய், முகமூடியைக் கழற்றாமலே எழுத உட்கார்ந்தார்.

கடைசி அத்தியாயத்தில் சோழத் தளபதி கண் விழித்தார். கடாரத்துத் தளபதி கைகொடுத்துத் தூக்கிவிட்டான். இருவரும் வாளை உயர்த்தி வணக்கம் சொல்லிக்கொண்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு மீண்டும் சந்திப்பதாக முடிவு செய்து அவரவர் கப்பலுக்குப் போனார்கள். நாயகி உட்கார்ந்தாள். தமிழில் இதைவிட மோசமான முடிவு கொண்ட சரித்திர நாவல் எதையும் நான் படித்ததில்லை. அது புத்தகமானபோது எட்டுப் பிரதி வாங்கினேன்.

வாள்காரர் போன வருடம் மகளோடு சிகாமட்டுக்குக் குடிபோய்விட்டார். வெள்ளம் வரும் ஊர், கீழ்த்தளத்தில் வாளை வைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். என் வீட்டுத் தாள்கள் எல்லாம் ஆண்டுவாரியாகக் கோப்பில் இருக்கின்றன. அந்த ஒற்றைத் தாள் மட்டும் கோப்பில் இல்லை, என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. பதில் கிடைத்த தேதியை அதன் மூலையில் என் கையாலேயே குறித்து வைத்திருக்கிறேன்: நவம்பர் பதினெட்டு, காலை பதினொன்று பத்து.